பாறையிலிருந்து கையுயர்த்திய துணைத் தலைவர்

வந்திருந்தோர்: ஏரிக்கரை உல்லாசக் கழகத்தின் தலைவர். பொருளாளர். தொழில்நுட்ப ஆலோசகர் (கழகத்தில் எல்லோருக்கும் இவர் ‘ஸ்பேனர்’). கூட்டக் குறிப்பு எழுதும் இணைச் செயலாளர். துணைத் தலைவர் (சன்னல் வழியாக).

மனிதர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்ட நாள் முதல் இன்றுவரை, ஓர் ஆபத்தை இவ்வளவு நிதானத்தோடு எதிர்கொண்ட சபை வேறெதுவும் இருந்ததில்லை. அவசரம் ஒரு தொற்றுநோய் என்று தலைவர் அடிக்கடி சொல்வார். அன்று மாலை அந்த நோய் கழகத்தின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

‘சன்னல் வழியாக’ என்பதை மட்டும் விளக்கிவிட வேண்டும். துணைத் தலைவர் அப்போது ஏரியின் நடுவில் ஒரு பாறைமேல், கணுக்கால் நனைய நின்றுகொண்டிருந்தார். கூட்ட அறையின் பெரிய கண்ணாடிச் சன்னலில் அவர் தலைமுதல் கால்வரை தெரிந்தார். விதிப்படி கூட்டம் செல்லுபடியாக ஐந்து பேர் வேண்டும். கரையில் இருந்ததோ நான்கு பேர். கோரம் இல்லாமல் கூட்டம் நடத்துவது கோரமான காரியம் என்பதால், “கண்ணுக்குத் தெரியறவரு வந்திருக்கறவருதான்” என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

துணைத் தலைவர் பாறைக்குப் போன விதமும் கௌரவமானதே. கழகத்தின் ஒரே வாகனமான வாட்டர் ஸ்கூட்டரில் அவர் ஏரியை வலம் வந்தார். கரையில் போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்து ஒரு கையை விட்டுவிட்டுப் புன்னகைத்தார். உண்மையில் பொருளாளர் செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் புன்னகையோடேயே துணைத் தலைவர் தண்ணீரில் விழுந்தார். தவழ்ந்து பாறையில் ஏறினார். மிதவைச் சட்டை போட்டால் கோட்டில் குத்திய கழகச் சின்னம் மறைந்துவிடும் என்பதால் அதை அவர் போடவில்லை. நீச்சலும் தெரியாது. கழகத்தில் யாருக்கும் தெரியாது. உறுப்பினர் தகுதியாக அது கேட்கப்பட்டதே இல்லை.

வண்டி எஜமானரைவிடப் பொறுப்பானது. காற்றின் போக்கில் மெதுவாக மிதந்து, ஒரு கீறலும் இல்லாமல் கழக வராந்தாவை ஒட்டிய கரைக்கு வந்து சேர்ந்தது. தலைவர் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். அது கிளம்பவில்லை. பொருளாளர் அமுக்கினார். ஸ்பேனர் இரண்டு விரலால் அமுக்கினார். உடனே கூட்டம் கூட்டப்பட்டது.

பொருள்: பழுதான வண்டியை டீலரிடம் சர்வீசுக்கு விடுவதா, நாமே கழற்றிச் சரிசெய்வதா?

வண்டி ஏன் கிளம்பவில்லை என்பது இணைச் செயலாளருக்குத் தெரியும். வண்டி வாங்கிய அன்று விளக்கப் புத்தகத்தை உரக்கப் படித்தவர் அவர்தான். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு. அதன் மறுமுனை கைப்பிடிக்குக் கீழே ஒரு பட்டனில் மாட்டியிருக்கும். ஆள் விழுந்தால் கயிறு இழுக்கும், முனை கழன்று வரும், இன்ஜின் நிற்கும். மறுபடி மாட்டாமல் எந்த அரசனாலும் அதைக் கிளப்ப முடியாது. அந்தக் கயிறு இப்போது பாறைமேல், துணைத் தலைவரின் வலது மணிக்கட்டில், மாலை வெயிலில் செக்கச் செவேல் என்று ஆடிக்கொண்டிருந்தது.

பாறைமேல் நிற்பவர் இணைச் செயலாளரின் அக்கா கணவர். ஒரே வீட்டில் குடியிருப்பு, ஒரே அடுப்பு. ஆனாலும் கூட்டத்துக்குள் உறவு பார்க்கக் கூடாது. அதைவிட, கழகத்தின் செயலாளர் நாற்காலி காலியாக இருந்தது. நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி ‘புதிய செயலாளர் தேர்வு’. குறுக்கே பேசி யாரையாவது பகைத்துக்கொண்டால், அந்த வரி அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகப் ஒரு பதவிப் பெயர்ப்பலகைக்கு இவ்வளவு அருகில் வந்திருந்தார்.

இருந்தாலும் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

“தலைவரே, அந்தக் கயிறு...”

“குறிப்பெழுதறவரு பேசினா, அவரு பேசினதை யாருப்பா எழுதறது?” என்றார் தலைவர்.

அசைக்க முடியாத கேள்வி. இணைச் செயலாளர் தலை குனிந்து அந்தக் கேள்வியையே எழுதிக்கொண்டார்.

பொழுது சாய்ந்தால் மேல் அணையின் மதகைத் திறப்பார்கள். ஏரி ஏறும். பாறை மூழ்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொல்லப்போனால், டீ குடித்துக்கொண்டே பாறை மூழ்குவதைப் பார்க்கத்தான் அந்தச் சன்னலே வைக்கப்பட்டது.

பொருளாளர் எழுந்தார். “டீலர்கிட்ட விடறதுதாங்க முறை. அங்க ஆளுங்க நீலச் சட்டை போட்டிருப்பாங்க. கம்ப்யூட்டர் வயரைச் சொருகினா வண்டியே எங்க வலிக்குதுன்னு சொல்லிடும். நாம ஏசி ரூம்ல மீன் தொட்டியைப் பார்த்துட்டு உக்காந்திருக்கலாம். கடைசியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவாங்க.”

“ஸ்டிக்கர் ஒட்டினா வண்டி ஓடுமா?” என்றார் ஸ்பேனர்.

“ஓடலைன்னா யார் சட்டையைப் பிடிக்கறதுன்னு தெரியுமில்ல? நீங்க கழட்டினா உங்க சட்டையைத்தானே பிடிக்கணும்? தினம் பாக்கற முகம், எப்படிங்க பிடிக்கறது?”

ஸ்பேனர் நெஞ்சை நிமிர்த்தினார். அவரிடம் முழு டூல் செட் உண்டு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. கழகத்தின் சுவர்க் கடிகாரத்தை அவர்தான் சரிசெய்தார். கடிகாரம் இப்போது நன்றாக ஓடுகிறது. சின்ன முள் மட்டும் அவருடைய சட்டைப்பையில் தங்கிவிட்டது. அதன் பிறகு கழகக் கூட்டங்கள் நிமிடம் தவறாமல் தொடங்குகின்றன. எந்த மணியில் என்பதுதான் தெரியாது.

“நம்ம வண்டியை நாமளே திறந்து பாக்கலைன்னா அது நம்ம வண்டியா? யாரோ வளக்கற பிள்ளை மாதிரில்ல ஆயிடும்?” என்றார். “நான் வீடியோல பார்த்தேங்க. ஒருத்தர் அடுப்படியில வச்சே முழு இன்ஜினையும் கழட்டிட்டாரு.”

“மறுபடி மாட்டினாரா?”

“அது ரெண்டாம் பாகம். இன்னும் வரலை.”

சன்னலுக்கு வெளியே துணைத் தலைவர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து ஏதோ கத்தினார். கண்ணாடி இறக்குமதி சரக்கு. கொசு சத்தம்கூட உள்ளே வராது. அவர் பிறகு கயிறு கட்டிய கையை உயரத் தூக்கி ஆட்டினார்.

“வாக்கெடுப்புக்குத் தயாராயிட்டாரு,” என்று தலைவர் நெகிழ்ந்தார். “அந்த நிலைமையிலயும் கடமை பாருங்க. எழுதிக்கப்பா.”

முதல் தீர்மானம்: டீலர் சர்வீஸ். பொருளாளர் கை தூக்கினார். ஸ்பேனர் எதிர்த்தார். தலைவருக்கும் குறிப்பெழுதுகிறவருக்கும் ஓட்டு கிடையாது. எல்லோரும் சன்னல் பக்கம் திரும்பினார்கள். பாறைமேல் கை உயர்ந்தே இருந்தது. தீர்மானம் நிறைவேறியது.

“ரெண்டாவதையும் ஓட்டுக்கு விடுங்க. அதுதானே ஜனநாயகம்?” என்றார் ஸ்பேனர்.

இரண்டாம் தீர்மானம்: சொந்த ரிப்பேர். ஸ்பேனர் கை தூக்கினார். பொருளாளர் எதிர்த்தார். சன்னலைப் பார்த்தார்கள். கை இன்னும் உயரமாக, இந்தத் தடவை குதித்துக்கொண்டே உயர்ந்தது. அதுவும் நிறைவேறியது.

தலைவர் ஓட்டுகளை மறுபடி விரல்விட்டு எண்ணினார்.

“ரெண்டும் ஜெயிச்சிருக்கு,” என்றார். “அதனால ரெண்டையும் செய்வோம். ஒரே நேரத்துல. இந்த மாதிரி யார் மனசும் நோகாம சொன்ன தீர்ப்பு வேற எங்கயாவது உண்டா?”

எங்கேயும் கிடையாது. ஸ்பேனர் டூல் பெட்டியோடு வராந்தாவுக்குப் போனார். தலைவர் டீலருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

அந்த மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. கழகத்தில் முன்பு இரண்டு மரப் படகுகள் இருந்தன. வாட்டர் ஸ்கூட்டர் வந்த அன்றே ‘முழு இயந்திரமயம்’ அறிவிக்கப்பட்டது. ஒரு படகு டீ போட விறகானது. இன்னொன்றைக் கவிழ்த்து, கட்டைமேல் நிறுத்தி, கண்ணாடி போட்டு, விளக்கு வயருக்காக நடுவில் ஒரு ஓட்டையும் போட்டார்கள். அதுதான் மேசை. துடுப்புகள் இரண்டும் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பெருக்கல் குறி போல மாட்டப்பட்டுக் கழகத்தின் சின்னமாயின. பழைமையை இப்படி மதிக்கிறவர்கள் இப்போது குறைவு.

போனில் ஒரு பெண்குரல் வணக்கம் சொல்லி, பாட்டுப் போட்டு, மறுபடி வணக்கம் சொன்னது.

“வண்டில என்ன கம்ப்ளைன்ட் சார்?”

“கிளம்ப மாட்டேங்குது.”

“சேஃப்டி கயிறு மாட்டியிருக்கா சார்?”

இணைச் செயலாளரின் பேனா நின்றது. அவர் வாயைத் திறந்தார். தலைவரின் முகம் அதற்குள் சிவந்துவிட்டது.

“என்னம்மா கேள்வி இது? நாங்க யாருன்னு நெனச்சே? எத்தனை வருஷமா ஏரியைப் பாத்துட்டிருக்கோம் தெரியுமா? எல்லாம் மாட்டியிருக்கு!”

“சாரி சார், கேக்கச் சொல்லியிருக்காங்க. வண்டியைத் திறந்து எதையும் தொடலையே? தொட்டா வாரன்டி போயிடும்.”

வராந்தாவில் ஏதோ ஒன்று தரையில் விழுந்து உருண்டு, வெகுநேரம் உருண்டு, நின்றது.

“தொடவே இல்லை,” என்றார் தலைவர்.

“வண்டியைக் கொண்டு வந்துடுங்க சார். யாரு ஓட்டும்போது நின்னுச்சோ அவரும் நேர்ல வரணும். அவர் வாயால கம்ப்ளைன்ட் சொன்னாதான் நாங்க எழுதுவோம்.”

“அவரு இப்ப வர முடியாது.”

“ஏன் சார்?”

“வண்டி இல்லம்மா.”

“அப்ப வண்டி ரெடியானதும் அழைச்சிட்டு வாங்க சார்.” போன் துண்டிக்கப்பட்டது.

“எவ்வளவு தெளிவான வழிமுறை!” என்று பொருளாளர் கைகூப்பினார்.

ஸ்பேனர் கையெல்லாம் கிரீசோடு உள்ளே வந்தார். “இன்ஜின் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு. எங்கயும் ஒரு குறையும் இல்ல. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. இன்னும் ஆழமாப் போறேன்.” போய்விட்டார்.

துணைத் தலைவருக்குத் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.

“தலைவரே, தீயணைப்பு ஆளுங்களைக் கூப்பிட்டா...” என்று இணைச் செயலாளர் பாதிக் குரலில் ஆரம்பித்தார்.

“வெளியாளா? நாளைக்குப் பேப்பர்ல போடுவான், ஏரிக் கழகத்துக்கு ஏரியில போகத் தெரியலைன்னு. அத்தானைக் காப்பாத்தப் போய் கழக மானத்தை முக்கிடாத. ஆமா, நீ நல்லா எழுதறேப்பா. செயலாளர்னா இப்படித்தான் இருக்கணும்.”

செயலாளர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் இணைச் செயலாளருக்கு உடம்பில் ஒரு வெதுவெதுப்புப் பரவியது. ‘நீர்மட்டம் கவனிக்கப்பட்டது’ என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். துணைத் தலைவரின் மனைவி. இணைச் செயலாளரின் கூடப்பிறந்தவர். வியர்த்துப்போய், கையில் காய்கறிப் பையோடு நின்றார்.

“டேய், எங்கடா அவரு? வீட்டுச் சாவி அவர் பையிலதான் இருக்கு. வாசல்ல எவ்வளவு நேரம் நிக்கிறது?”

“கூட்டத்துல இருக்காரு அக்கா.”

அக்கா நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு தம்பியின் கண் போன திசையில் சன்னலைப் பார்த்தார்.

“அங்க ஏன்டா நிக்கிறாரு?”

“சன்னல் வழியா கலந்துக்கறாரு.”

“தண்ணி ஏறுதேடா.”

“பொருள் விவாதத்துல இருக்கும்மா. ரெண்டு தீர்மானம் போட்டாச்சு. ரெண்டுக்கும் உங்க வீட்டுக்காரர் ஆதரவு,” என்றார் தலைவர்.

“எதுல போய்க் கூட்டிட்டு வரப் போறீங்க?”

“அதைத்தான் விவாதிக்கிறோம்.”

அக்கா தலைவரைப் பார்த்தார். அவர் டீ வைத்திருந்த மேசையைப் பார்த்தார். மேசையின் வயிற்றைக் குனிந்து பார்த்தார். கடைசியில் சுவரில் மாட்டியிருந்த துடுப்புகளைப் பார்த்தார். காய்கறிப் பையைத் தரையில் வைத்தார்.

“டேய், அந்தப் பக்கம் தூக்கு.”

“அம்மா, அது கழகச் சொத்து!” பொருளாளர் பதறினார். “மேசையை நகர்த்தணும்னா பொதுக்குழு கூடணும்!”

தலைவர் இரண்டு முழங்கைகளையும் கண்ணாடிமேல் ஊன்றிக்கொண்டார். “இணைச் செயலாளரே, யோசிச்சு நடந்துக்கங்க. கடைசி வரிக்கு இன்னும் வரலை.”

இணைச் செயலாளர் யோசித்தார். ஒரு பக்கம் பெயர்ப்பலகை. இன்னொரு பக்கம் அத்தான், இப்போது தொடைவரை. அவர் இரண்டையும் சமமாக எடை போட்டார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

“டேய், சாவி முங்கிடுச்சுன்னா உனக்கும் சேத்துத்தான் வீடு இல்ல,” என்றார் அக்கா.

இணைச் செயலாளர் அந்தப் பக்கம் தூக்கினார். டீக் கோப்பைகள் சரிந்தன. கண்ணாடி தலைவர் மடியில் இறங்கியது, துடுப்புகள் சுவரிலிருந்து அக்காவின் கைக்கு இறங்கின. இரட்டைக் கதவின் இன்னொரு பாதியைத் திறக்க, இடுப்பிலிருந்த கழகச் சாவிக்கொத்தை அக்காவிடம் கொடுத்தார். கதவைத் திறந்துகொடுப்பதும் பூட்டுவதும்தான் இணைச் செயலாளர் பதவியில் இருந்த ஒரே அதிகாரம்.

படகை நிமிர்த்தித் தண்ணீரில் வைத்ததும் விளக்கு வயர் ஓட்டை வழியாக ஏரி உள்ளே எட்டிப் பார்த்தது.

“எதாவது வச்சு அடைடா!”

கையில் இருந்தது குறிப்பேடு ஒன்றுதான். அன்றைய பக்கங்களைக் கிழித்துச் சுருட்டினார். முதல் தீர்மானம் போதவில்லை. இரண்டாம் தீர்மானத்தையும் சேர்த்துத் திணித்தார். தண்ணீர் நின்றது. கழகத்தின் தீர்மானம் ஒன்று கழகத்துக்கு வெளியே செல்லுபடியானது அதுவே முதல் தடவை.

இருவருக்கும் துடுப்புப் போட வராது. படகு நேராகப் போவதற்குப் பதில் ஏரியைச் சுற்றிக்காட்டிக்கொண்டே போனது. அக்கா ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு வசவு வைத்தார். அந்தத் தாளத்தில்தான் படகு நகர்ந்தது. பாறையை அடைந்தபோது அத்தானுக்கு இடுப்பளவு தண்ணீர். இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றார். இறக்கிவிட மறந்திருந்தார்.

அவரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். பல் தந்தியடிக்க அவர் முதலில் கேட்டது:

“எது ஜெயிச்சுது?”

“ரெண்டும் அத்தான்.”

“ரெண்டுமா? எப்படி?”

“ரெண்டுக்கும் நீங்க கை தூக்கினீங்க.”

“நான் எங்கடா ஓட்டுப் போட்டேன்? கயிறு என்கிட்ட இருக்குன்னு காட்டினேன்! காப்பாத்துங்கடான்னு காட்டினேன்!” சற்று மூச்சு வாங்கினார். “அப்படியே ஓட்டுன்னு வச்சாலும், ஒரு ஆளுக்கு ரெண்டு ஓட்டு எப்படிடா எண்ணலாம்? முறைகேடு இல்லையா இது?”

“சாவியக் குடுங்க முதல்ல,” என்றார் அக்கா.

ஈரப் பையைத் துழாவிச் சாவியைக் கொடுத்தார். கண் மட்டும் கழகக் கட்டடத்தின் மேலேயே இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது கரையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் வாட்டர் ஸ்கூட்டரின் உள்ளுறுப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அத்தான் ஓடிப்போய்க் கயிற்றின் முனையைப் பட்டனில் மாட்டினார். ‘டக்’ என்று அழகாக மாட்டிக்கொண்டது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை.

ஸ்பேனர் கையில் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு நின்றார். “இதெல்லாம் எதுக்கு வச்சாங்கன்னே தெரியலை. இல்லாமலே ஓடும்னு நெனைக்கிறேன்.”

“வண்டி நல்லாத்தானே இருந்துச்சு!”

“இருந்துச்சு. இப்பத்தான் பழுதாயிருக்கு,” என்றார் ஸ்பேனர் பெருமையோடு. “இப்ப விவாதம் பண்ணினா ஒரு அர்த்தம் இருக்கும்.”

அத்தானின் முகத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதுகூட இல்லாத ஒரு பதற்றம் தோன்றியது. “என் ஓட்டு டீலருக்கு மட்டும்தான்! ரெண்டாவதை ரத்து பண்ணணும்! நான் இல்லாம ஆரம்பிச்சிடாதீங்க!” சொட்டச் சொட்டக் கூட்ட அறைக்குள் பாய்ந்தார். ஸ்பேனர் துண்டுகளோடு பின்னால் ஓடினார். உள்ளே மேசை இல்லாத இடத்தைச் சுற்றி நாற்காலிகள் வட்டமாக இழுபடும் சத்தம் கேட்டது.

அக்கா காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். இன்னொரு கையில் கழகச் சாவிக்கொத்து. தம்பியைப் பார்த்தார்.

“வாடா, போலாம்.”

உள்ளிருந்து தலைவரின் குரல் வந்தது: “இணைச் செயலாளரே, நாலு பேர்தான் இருக்கோம். கோரம் குறையுது. சன்னல் பக்கம் வந்து நின்னாலும் போதும். கடைசி வரியை முதல்ல எடுத்துக்கறோம்.”

இணைச் செயலாளர் ஏரியைப் பார்த்தார். பாறை இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. அவருடைய உள்ளங்கைகள் துடுப்புப் பிடித்துக் கன்றிப் போயிருந்தன.

“பேனாவை உள்ள வச்சிட்டேன் அக்கா,” என்றார். “எடுத்துட்டு வந்துடறேன்.”

அக்கா சாவிக்கொத்தை விரலில் சுழற்றினார். இணைச் செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பேனா நாற்காலிமேலேயே இருந்தது. அதை எடுத்தார். எடுத்த கையோடு உட்கார்ந்தார். தலைவர் புதிய தாளொன்றை நீட்டினார். அவர் அழகான கையெழுத்தில் ‘வந்திருந்தோர்’ என்று எழுதினார். இந்தத் தடவை யாருக்கும் ‘சன்னல் வழியாக’ என்ற அடைப்புக்குறி தேவைப்படவில்லை.

வாசலில் இருந்து அக்காவின் குரல் கேட்டது.

“உள்ள மொத்தம் எத்தனை பேருடா?”

“அஞ்சு பேரு அக்கா.”

“போதுமா?”

“போதும் அக்கா.”

கதவின் இரண்டு பாதிகளும் சேர்ந்தன. வெளியே சாவி திரும்பியது.